மைனிங் பிராக்ஸி தகராறு செய்தால்: அறிகுறியைப் பார்த்து வழியைப் பிடியுங்கள்

மைனிங் பிராக்ஸி என்பது, கிரிப்டோ நாணயத்துக்காகக் கணக்குப் போடும் (மைனிங் செய்யும்) பல கணினிகளுக்கும் பூலுக்கும் நடுவில் நிற்கும் செயலி. அது நின்றுபோனால் பலரும் உடனே கை வைப்பது அமைப்புகளை எழுதிவைக்கும் கான்ஃபிக் கோப்பில்தான். ஒரு வரியை மாற்றுவார்கள், மறுதொடக்கம் செய்வார்கள், சரியாகவில்லை என்றால் இன்னொரு வரியை மாற்றுவார்கள். அரை மணி நேரத்தில் முதலில் எது கெட்டது என்பதே தெரியாமல் போய்விடும். பிராக்ஸிக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் இயந்திரங்கள், மறு பக்கம் பூல், அதாவது பலரின் கணினிகளைச் சேர்த்து வேலை கொடுத்து வருமானத்தைப் பங்கிடும் சேவை. எந்தப் பக்கம் அறுந்திருக்கிறது என்பது தெரியும்வரை எதையும் மாற்றக் கூடாது என்பதுதான் நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது.

நான் மனதில் வைத்து எழுதும் அமைப்பு இது. கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் ஒரு வீடு, எல்லை தாண்டித் தமிழ்நாட்டில் பொள்ளாச்சிப் பக்கம் இன்னொரு வீடு. இரண்டிலும் மொனேரோ என்ற கிரிப்டோ நாணயத்துக்கு மைனிங் செய்யும் கணினிகள். வாடகைக்கு எடுத்த சிறிய லினக்ஸ் சர்வர் ஒன்றில் எக்ஸ்எம்ரிக் பிராக்ஸி என்ற செயலி 3333 போர்ட்டில் (இணைப்புகள் நுழையும் எண்ணிட்ட கதவு) காத்திருக்கிறது. இரு வீடுகளிலும் ஒரு பழைய கணினி வயர்கார்டு என்ற விபிஎன் சுரங்கம் மூலம் அந்தச் சர்வருடன் இணைந்திருக்கிறது. வீட்டிலேயே பிராக்ஸியை வைத்துவிட்டு இன்னொரு வீட்டிலிருந்து அதை எட்ட முடியாதா என்று கேட்பார்கள். உங்கள் ரவுட்டரின் வெளி முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்குகிறதா என்று பாருங்கள். அப்படியானால் இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைத்து வைத்திருக்கிறது. வெளியிலிருந்து உங்கள் வீட்டுக்கு நேராக வர வழி கிடையாது. வீட்டிலிருந்து வெளியே போக மட்டுமே முடியும். அதனால்தான் பொது முகவரி உள்ள சர்வர் ஒன்று நடுவில் தேவைப்படுகிறது. சர்வரை வாடகைக்கு எடுக்கும்முன் அந்த நிறுவனம் மைனிங் தொடர்பான பயன்பாட்டை அனுமதிக்கிறதா என்று விதிமுறையை வாசித்துவிடுங்கள். பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. பிராக்ஸி தானாக மைனிங் செய்வதில்லை என்று பின்னால் வாதாடிப் பயன் இல்லை.

உங்களிடம் இருப்பது இரண்டு மூன்று கணினிகள்தான் என்றால் பிராக்ஸியே வேண்டாம், நேராகப் பூலில் சேருங்கள். இடையில் ஒன்றைக் கூட்டினால் பழுதாகும் இடமும் ஒன்று கூடும். இயந்திரங்கள் பல இருந்து, வாலட் முகவரி (நாணயம் வந்து சேரும் இடம்), பூல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் மாற்ற வேண்டும் என்றால்தான் இது உதவும். பிராக்ஸியின் வழக்கமான முறையில் (அதன் பெயர் நைஸ்ஹேஷ்) பூல் பக்கத்து ஓர் இணைப்பை 256 இயந்திரங்கள் வரை பகிர்ந்துகொள்ளலாம்.

எந்தப் பக்கம் என்று பார்க்க, சர்வரில் இணைப்புகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளையை டி, என், பி என்ற எழுத்துகளுடன் கொடுங்கள். நம் முகவரியில் 3333 என்று முடியும் வரிகள் இயந்திரங்கள். எதிர் முகவரியில் பூலின் போர்ட் எண் உள்ள வரி பூல். முதல் வகை இல்லையென்றால் பழுது வீட்டுப் பக்கம், இரண்டாவது இல்லையென்றால் பூல் பக்கம். இரண்டும் இருந்தும் ஷேர் (இயந்திரம் கண்டுபிடித்துப் பூலுக்கு அனுப்பும் விடை) ஏறவில்லை என்றால் பழுது இணைப்பில் அல்ல, பேச்சில்.

சர்வீஸ் ஓடுகிறது, ஆனால் ஒரு இயந்திரம்கூடச் சேரவில்லை

இயந்திரத்தின் திரையில் என்ன பிழை வருகிறது என்பதை அப்படியே வாசியுங்கள். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் நீங்கள் அனுப்பிய பாக்கெட் (தரவுப் பொட்டலம்) சர்வரை அடைந்துவிட்டது, ஆனால் அந்தப் போர்ட்டில் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. 'டைம்டு அவுட்' என்றால் வழியில் யாரோ விழுங்கிவிட்டார்கள். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்வதில்தான் பாதி நேரம் வீணாகிறது.

மறுக்கப்பட்டால், எஸ்எஸ் கட்டளையை இந்த முறை எல் எழுத்தையும் சேர்த்துக் கொடுத்து 3333 காத்திருக்கும் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். 127.0.0.1 என்ற முகவரியில் மட்டும் இருந்தால் சர்வருக்கு உள்ளே இருப்பவர்களுக்கு மட்டுமே கதவு திறந்திருக்கிறது. வரியே இல்லையென்றால், சர்வீஸ்கள் எழுதிவைத்ததைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் பதிவைப் பாருங்கள். முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் இருப்பதாகச் சொன்னால் பழைய பிராக்ஸி ஒன்று இன்னும் சாகாமல் ஓடுகிறது. கேட்ட முகவரியை ஒதுக்க முடியவில்லை என்று சொன்னால், வயர்கார்டு எழும்பும் முன்பே பிராக்ஸி எழுந்துவிட்டது. கான்ஃபிக்கில் 10.8.0.1 என்ற வயர்கார்டு முகவரியை எழுதியிருப்பீர்கள். சர்வர் மறுதொடக்கமாகும் நொடியில் அந்த முகவரி இன்னும் பிறந்திருக்காது. கையால் மறுபடி தொடங்கினால் உடனே வேலை செய்யும், ஆகவே பழுது சரியாகிவிட்டது என்று விட்டுவிடுவோம். அடுத்த மறுதொடக்கத்தில் திரும்ப வரும். பிராக்ஸியின் சர்வீஸ் கோப்பில் 'ஆஃப்டர்' வரியில் வயர்கார்டு சர்வீஸின் பெயரைச் சேருங்கள். இதற்குச் சோம்பல்பட்டு 0.0.0.0 என்று எழுதி எல்லா முகவரிக்கும் திறந்துவிடுகிறவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். 3333 உலகம் முழுவதும் தேடப்படும் போர்ட். திறந்து வைத்தால் யார் யாரோ தட்டுவார்கள். பொது முகவரியில் திறக்கத்தான் வேண்டும் என்றால் பிராக்ஸியின் அனுமதிக் கடவுச்சொல்லைக் கட்டாயம் போடுங்கள்.

'டைம்டு அவுட்' வந்தால், இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வாலைப் பாருங்கள். சர்வருக்கு உள்ளே ஒரு ஃபயர்வால் இருக்கும், வாடகைக்குக் கொடுத்தவரின் இணையப் பலகத்தில் இன்னொன்று இருக்கலாம். உள்ளே திறந்துவிட்டு வெளியே மறந்துபோவது வழக்கம். வயர்கார்டு முறையில் 3333-ஐ வெளியே திறக்கவே தேவையில்லை, வயர்கார்டின் யுடிபி போர்ட் ஒன்று போதும், வழக்கமாக அது 51820. செயலிகளைத் தனிப்பெட்டிக்குள் ஓட்டும் டாக்கரில் பிராக்ஸியை ஓட்டுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: டாக்கர் வெளியிடும் போர்ட்டுகள் லினக்ஸ் ஃபயர்வாலான யுஎஃப்டபிள்யூவின் விதிகளைச் சுற்றிக்கொண்டு போய்விடும். மூடிவிட்டோம் என்று நீங்கள் நினைத்திருக்கும் கதவு திறந்தே கிடக்கும்.

மின்தடைக்குப் பிறகு ஒரு வீடு மட்டும் திரும்பவில்லை

இது எங்கள் ஊரின் தனிப்பட்ட தொல்லை. ஜூன் பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று தென்னந்தோப்புகளை உலுக்கும், மட்டை கம்பியில் விழும், மின்சாரம் போகும், வரும், மறுபடி போகும். பொள்ளாச்சி வீட்டு இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்க, கொழிஞ்சாம்பாறை வீடு மட்டும் வராது. பூல் பக்கம் நன்றாக இருப்பதால் பிராக்ஸியில் தேடுவதில் அர்த்தமில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு தம்பி போனில் பதறினான். "அண்ணா, இணையம் இருக்கிறது, யூடியூப் ஓடுகிறது. வயர்கார்டு மட்டும் செத்துவிட்டது. சாவிகளை மறுபடி உருவாக்கட்டுமா?"

"சாவியைத் தொடாதே தம்பி. அந்தப் பழைய கணினியில் இன்றைக்கு என்ன தேதி காட்டுகிறது, அதை மட்டும் சொல்."

தேதி ஒன்றரை வருடம் பின்னால் இருந்தது.

காரணம் இதுதான். வயர்கார்டு கைகுலுக்கத் தொடங்கும்போது அனுப்பும் முதல் பாக்கெட்டில் ஒரு நேரமுத்திரை இருக்கும். பழைய பாக்கெட்டை யாரும் பிடித்து வைத்துத் திரும்ப அனுப்பி ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. எதிர்முனை, அந்தச் சாவியிடமிருந்து (சாவிதான் ஒவ்வொரு முனைக்கும் அடையாளம்) இதுவரை வந்ததில் மிகப் புதிய நேரத்தை நினைவில் வைத்திருக்கும். அதைவிடப் பழைய நேரத்துடன் எது வந்தாலும் பதில் சொல்லாமல் தூக்கி எறிந்துவிடும். பழைய கணினியின் மதர்போர்டில் சிஆர்2032 என்ற வட்டமான பேட்டரி தீர்ந்துபோயிருந்தால், மின்சாரம் போன கணத்தில் கடிகாரமும் போய்விடும். திரும்ப எழும்போது தேதி பின்னுக்குப் போயிருக்கும். சர்வர் அதைச் சந்தேகத்துக்குரிய பழைய பாக்கெட் என்று ஒதுக்கும். ராஸ்பெரி பை என்ற சிறு கணினியை வீட்டு முனையாக வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். நான்காம் தலைமுறை வரை அதில் பேட்டரியுடன் கூடிய கடிகாரமே இல்லை. ஐந்தாவதில் கடிகாரம் உண்டு, பேட்டரியைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும்.

அறிகுறியை உறுதி செய்ய வீட்டுக் கணினியில் வயர்கார்டின் நிலையைக் காட்டும் டபிள்யூஜி ஷோ கட்டளையைக் கொடுங்கள். அனுப்பிய பைட்டுகள் ஏறிக்கொண்டே இருக்கும், பெற்றது பூஜ்யத்திலேயே நிற்கும், கடைசிக் கைகுலுக்கல் என்ற வரியே இருக்காது. தேதியும் பின்னால் இருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம்.

இணையத்திலிருந்து நேரம் தானாகச் சரியாகிவிடாதா என்றால், பெரும்பாலும் ஆகிவிடும். ஆகாமல் போவதற்கு ஒரு காரணம், வயர்கார்டு கான்ஃபிக்கில் அனுமதிக்கப்பட்ட முகவரிகள் என்ற இடத்தில் 0.0.0.0/0 (எல்லா முகவரிகளும்) என்று எழுதியிருப்பது. அப்படி எழுதினால் நேரம் கேட்கும் பாக்கெட்டும் சுரங்கத்துக்குள் போகும். சுரங்கம் திறக்க நேரம் வேண்டும், நேரம் கிடைக்கச் சுரங்கம் வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு நின்றுவிடும். நமக்குத் தேவை பிராக்ஸியை எட்டுவது மட்டும்தான், 10.8.0.0/24 போதும். அதோடு, வயர்கார்டு சர்வீஸை நேர ஒத்திசைவு முடிந்த பிறகு தொடங்கும்படி வரிசைப்படுத்துங்கள். லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியில் அதற்கென்றே டைம் சிங்க் என்ற இலக்கு இருக்கிறது. சரியான நேரம் வரும்வரை காத்திருக்கும் டைம் வெயிட் சிங்க் சர்வீஸையும் இயக்க வேண்டும். பிறகு பேட்டரியை மாற்றுங்கள். கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கடையில்கூடக் கிடைக்கும்.

தேதி சரியாக இருந்தும் வரவில்லை என்றால், வீட்டு முனையின் கான்ஃபிக்கில் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 (25 நொடிக்கு ஒருமுறை ஒரு சிறு பாக்கெட் அனுப்பும் அமைப்பு) இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் ரவுட்டரும் இணைய நிறுவனமும் வைத்திருக்கும் தற்காலிகப் பாதை, பேச்சில்லாத நேரத்தில் அழிந்துபோகும்.

சாதாரண இணைப்பு நன்றாக ஓடுகிறது, டிஎல்எஸ் போட்டால் தொங்கிவிடுகிறது

டிஎல்எஸ் என்பது இணைப்பை மறையாக்கும் முறை. அதைப் போட்டால் இணைப்பு உருவாகிறது, பிறகு மௌனம். கடவுச்சொல், சான்றிதழ் என்று தேடாதீர்கள். பாக்கெட்டின் அளவைப் பாருங்கள். மைனிங்கின் சாதாரணப் பேச்சு சில நூறு பைட் வரிகள்தான், எந்தக் குறுகிய பாதையிலும் நுழைந்துவிடும். டிஎல்எஸ் தொடங்கும்போது சான்றிதழ்கள் பெரிய பாக்கெட்டுகளாக வரும், அவை மட்டும் சிக்கிக்கொள்ளும். வயர்கார்டின் வழக்கமான எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, பைட்டில்) 1420. வீட்டு இணைப்பு பிபிபிஓஇ வகை என்றால் அடியில் 1492-தான் இருக்கும், அதில் வயர்கார்டு தனக்கு எடுத்துக்கொள்ளும் 80-ஐக் கழித்தால் 1412. சோதனைக்கு இரண்டு முனையிலும் 1280 என்று வைத்துப் பாருங்கள். உடனே ஓடினால் நோய் இதுதான். பிறகு மெல்ல ஏற்றிக்கொள்ளலாம், அல்லது அப்படியே விட்டுவிடலாம். மைனிங்குக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

இயந்திரங்கள் சேர்கின்றன, வேலை வரவில்லை

இது பூல் பக்கம். பூலின் பெயருக்கு முகவரி கிடைக்கிறதா என்று சர்வரிலிருந்தே கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் பழுது, பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸில். கிடைத்தும் சேரவில்லை என்றால், சர்வர் நிறுவனம் வெளியே போகும் வழியில் அந்தப் போர்ட்டை அடைத்திருக்கலாம். பல பூல்கள் 443-லும் டிஎல்எஸ் கதவு வைத்திருக்கின்றன. ஆனால் அடைத்திருப்பது மைனிங் கூடாது என்பதற்காக என்றால், கதவை மாற்றி நுழையாதீர்கள், சர்வரை மாற்றுங்கள்.

சேர்ந்தவுடன் பூல் வெளியே தள்ளினால் வாலட் முகவரியை எண்ணுங்கள். மொனேரோவின் சாதாரண முகவரி 95 எழுத்து, 4-இல் தொடங்கும். 8-இல் தொடங்கினால் அது துணை முகவரி, உங்கள் பூல் அதை ஏற்கிறதா என்று பாருங்கள். போனிலிருந்து நகலெடுக்கும்போது கடைசி எழுத்து விடுபடுவதும், நடுவில் ஓர் இடைவெளி நுழைவதும் அடிக்கடி நடக்கிறது.

இருபது நிமிடமாக ஒரு ஷேர்கூட ஏறவில்லை

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. இதில் பெரும்பாலும் பழுதே இருப்பதில்லை. பழுதில்லாத இடத்தில் பழுது பார்க்கப் போய்தான் நல்ல அமைப்புகள் கெட்டுப்போகின்றன. அதனால் கணக்கைப் பொறுமையாகப் பாருங்கள்.

பூல் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு கடினநிலை வைக்கிறது. கடினநிலை 60 லட்சம் என்றால், சராசரியாக 60 லட்சம் ஹேஷ் (ஒரு ஹேஷ் என்பது ஒரு கணக்கு முயற்சி) போட்டால் ஒரு ஷேர் கிடைக்கும். உங்களிடம் நொடிக்கு 5,000 ஹேஷ் போடும் கணினிகள் 40 இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லாம் சேர்ந்து நொடிக்கு 2 லட்சம். பூல் பார்ப்பது இந்தக் கூட்டு வேகத்தைத்தான், ஏனென்றால் பிராக்ஸி எல்லாவற்றையும் ஓர் இணைப்பாகக் காட்டுகிறது. 30 நொடிக்கு ஒரு ஷேர் வரட்டும் என்று அது கடினநிலையை 60 லட்சத்துக்கு ஏற்றிவிடும். இப்போது ஒரு தனிக் கணினியின் திரையைப் பாருங்கள். 60 லட்சத்தை 5,000-ஆல் வகுத்தால் 1,200 நொடி. இருபது நிமிடத்துக்கு ஒன்று. அதுவும் சராசரிதான். சராசரியின் மூன்று மடங்கு நேரம், அதாவது ஒரு மணி நேரம், ஒன்றுமே கிடைக்காமல் போவதற்கு ஏறக்குறைய இருபதில் ஒரு வாய்ப்பு உண்டு. 40 கணினிகளில் எந்நேரமும் ஒன்றிரண்டு அந்த நிலையில் இருக்கும். நேராகப் பூலில் இருந்தபோது நிமிடத்துக்கு ஒரு பச்சை வரி பார்த்துப் பழகியவர்களுக்கு இது பதற்றம் தருகிறது. ஆனால் ஒரு ஷேரின் மதிப்பும் அதே அளவு ஏறியிருக்கிறது. வருமானம் குறையவில்லை.

ஒவ்வொரு கணினியும் உயிரோடு இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் பிராக்ஸியில் கஸ்டம் டிஃப் என்ற அமைப்பு உண்டு. அதில் இயந்திரங்களுக்கு மட்டும் குறைந்த கடினநிலை கொடுக்கலாம். ஒன்றரை லட்சம் வைத்தால் அதே கணினி அரை நிமிடத்துக்கு ஒரு ஷேர் அனுப்பும். பூலின் அளவை எட்டாத ஷேர்கள் பிராக்ஸியோடு நின்றுவிடும். மிகக் குறைத்துவிடாதீர்கள். கண்ணுக்கு நிம்மதி கிடைக்கும், வீட்டு இணைப்பில் தேவையில்லாத போக்குவரத்து ஏறும்.

வேகம் பூஜ்யம் என்று பிராக்ஸி காட்டுவதும் இதே கணக்குதான். அது இயந்திரத்தைக் கேட்டு வேகத்தைச் சொல்வதில்லை. வந்து சேர்ந்த ஷேர்களிலிருந்து கணக்கிட்டுச் சொல்கிறது. தொடங்கி ஐந்து நிமிடத்தில் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை. ஒரு நிமிட வேகத்தைப் பார்க்காதீர்கள். ஒரு மணி நேர, பன்னிரண்டு மணி நேர எண்களைப் பாருங்கள்.

ஷேர் போகிறது, நிராகரிக்கப்படுகிறது

நிராகரிப்பின் வாசகம்தான் இங்கே எல்லாம்.

'இன்வேலிட் நான்ஸ்' என்று சொல்லி நைஸ்ஹேஷ் பெயரும் அதில் வந்தால், உங்கள் மைனிங் செயலி பிராக்ஸியின் பங்கீட்டை மதிக்கவில்லை. நான்ஸ் என்பது ஒவ்வொரு முயற்சியிலும் இயந்திரம் மாற்றிப் பார்க்கும் நான்கு பைட் எண். பிராக்ஸி அதில் ஒரு பைட்டை இயந்திரத்துக்கு இயந்திரம் வேறாகப் பூட்டிவிடுகிறது. அதனால்தான் ஓர் இணைப்பில் 256 இயந்திரங்கள் ஒன்றின் வேலையை ஒன்று திரும்பச் செய்யாமல் இருக்க முடிகிறது. அந்தப் பைட்டைச் செயலி தன் விருப்பத்துக்கு மாற்றினால் பிராக்ஸி மறுக்கும். மைனிங் செயலியில் நைஸ்ஹேஷ் அமைப்பை இயக்குங்கள், அல்லது புதிய பதிப்பு போடுங்கள். மீதம் மூன்று பைட் போதுமா என்ற ஐயம் வேண்டாம். அதில் 1,67,77,216 எண்கள் உண்டு. நொடிக்கு 5,000 போடும் கணினிக்கு அதை முடிக்க 55 நிமிடத்துக்கு மேல் ஆகும். மொனேரோவில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை புது பிளாக் (பரிவர்த்தனைகளின் தொகுப்பு) வந்து வேலையே மாறிவிடுகிறது.

'லோ டிஃபிகல்ட்டி' என்றால் இயந்திரமும் பூலும் வேறு வேறு அல்காரிதம் பேசுகின்றன என்பது முதல் சந்தேகம். மொனேரோ 2019 நவம்பர் 30 முதல் ரேண்டம்எக்ஸ் என்ற அல்காரிதத்தில் இருக்கிறது. வேறு நாணயத்துக்கு எழுதிய கான்ஃபிக் கோப்பை நகலெடுத்திருந்தால் இது வரும். எல்லா இயந்திரங்களிலும் வந்தால் அமைப்பில் பிழை. ஒன்றில் மட்டும், அதுவும் எப்போதாவது வந்தால், அந்தக் கணினியின் மெமரியையும் ஓவர்கிளாக்கையும் (வரம்பைத் தாண்டி ஏற்றிய வேகம்) சந்தேகப்படுங்கள்.

பிளாக் காலாவதியானது, வேலை எண் தவறு என்ற வகை நிராகரிப்புகள் தாமதத்தால் வருபவை. இங்கே பலர் பிங் எண்ணைப் பார்த்துக் கவலைப்படுகிறார்கள். பிளாக் 120 நொடிக்கு ஒன்று. உங்கள் மொத்தத் தாமதம் 0.3 நொடி என்றால் இழப்பு கால் சதவீதம். இரண்டு சதவீதத்துக்கு மேல் போனால் அது தூரத்தால் அல்ல. வழியில் எங்கோ இணைப்பு நின்று நின்று ஓடுகிறது. மொபைல் டேட்டாவில் ஓட்டும் வீடுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வேலந்தாவளம் போன்ற எல்லையோர இடங்களில் வீட்டுக்குள் அறை மாறினாலே போன் ஒரு மாநிலத்துக் கோபுரத்திலிருந்து மற்ற மாநிலத்துக் கோபுரத்துக்குத் தாவும். ஒவ்வொரு தாவலிலும் இணைப்பு தடுமாறும். அந்த மோடத்தை ஜன்னல் ஓரத்தில் நிலையாக வைத்து, எந்தக் கோபுரத்தோடு நிற்கிறது என்று ஒரு நாள் கவனியுங்கள்.

பூல் பக்கத்தில் ஒரே ஓர் இயந்திரம்தான் தெரிகிறது

அப்படித்தான் தெரியும். தனித்தனிப் பட்டியல் பிராக்ஸியில்தான் இருக்கிறது. டெர்மினலில் ஓடும் பிராக்ஸியில் டபிள்யூ எழுத்தை அழுத்தினால் காட்டும். இதோடு சேர்ந்த முக்கியமான விஷயம்: இயந்திரத்தில் எழுதிய வாலட் முகவரி பூலுக்குப் போவதில்லை. பிராக்ஸியின் கான்ஃபிக்கில் உள்ள முகவரிக்குத்தான் எல்லாப் பணமும் போகும். இரண்டு வீட்டார் கூட்டாக வைத்திருந்தால் இதை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். நட்பும் உறவும் கெட்ட பிறகு கான்ஃபிக் கோப்பைத் திறந்து பார்ப்பதில் பயனில்லை.

ஓர் எண்ணிக்கைக்கு மேல் சேர மறுக்கிறது

பதிவில் 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்' இருக்கும். ஒவ்வோர் இணைப்பும் ஒரு கோப்பாக எண்ணப்படுகிறது, வழக்கமான வரம்பு 1024. லிமிட்ஸ் கோப்பில் ஏற்றியும் மாறவில்லை என்பார்கள். சிஸ்டம்டி சர்வீஸுக்கு அந்தக் கோப்பு பொருந்தாது. சர்வீஸ் கோப்பிலேயே லிமிட்நோஃபைல் வரியைச் சேர்க்க வேண்டும்.

மதியத்தில் மட்டும் வேகம் விழுகிறது

பிராக்ஸிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டில் வெயில் 40 டிகிரியைத் தொடும். ஓட்டுக் கூரைக்குக் கீழே வைத்த கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சென்சார்ஸ் கட்டளையில் வெப்பத்தைப் பாருங்கள். வெயிலே இல்லாமல், மறுதொடக்கத்துக்குப் பிறகு வேகம் குறைந்திருந்தால், மெமரியைப் பெரிய பக்கங்களாக ஒதுக்கும் ஹியூஜ் பேஜஸ் அமைப்பு இயங்கவில்லை. ரேண்டம்எக்ஸுக்கு 2,080 எம்பி தரவும் 256 எம்பி கேஷும் வேண்டும். இரண்டு எம்பி பக்கங்களாக 1,168. அதற்குமேல் ஒவ்வொரு திரெடுக்கும் ஒன்று. மறுதொடக்கத்திலும் நிலைக்கும்படி சிஸ்சிடிஎல் கோப்பில் 1,280 என்று எழுதிவிட்டால் போதும். இதைப் பிராக்ஸி சர்வரில் எழுதாதீர்கள், அங்கே அது வீண்.

பிராக்ஸி சர்வரில் சிபியு நூறு சதவீதம்

இதை அலட்சியம் செய்யவே கூடாது. நாற்பது இயந்திரங்களுக்கான பிராக்ஸி ஏறக்குறைய எந்த வேலையும் வைக்காது. அது வரிகளை வாங்கிக் கொடுக்கிறது, ஹேஷ் போடுவதில்லை. சிபியு நிரம்பியிருந்தால் வேறு யாரோ உங்கள் சர்வரில் மைனிங் செய்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு தேடுங்கள்.

ஓடும் வேலைகளைப் பட்டியலிடும் டாப் கட்டளையில் கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ்ஐ என்ற பெயர் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், அது கின்சிங் என்ற தீம்பொருளின் மைனர் (மைனிங் செயலி). லினக்ஸ் கெர்னலின் உண்மையான வேலை ஒன்றுக்குக் கடைசி எழுத்து இல்லாமல் அதே பெயர் உண்டு. பார்வைக்கு ஏமாற வேண்டும் என்றே வைத்த பெயர். புராக் கோப்புறையில் அந்த வேலையின் எண்ணுக்குக் கீழ் எக்ஸ்இ என்ற இணைப்பு எங்கே போகிறது என்று பாருங்கள். கெர்னலின் வேலைக்கு அங்கே எதுவும் இருக்காது. திருட்டு மைனர் டிஎம்பி கோப்புறையைக் காட்டும். கொன்றால் ஒரு நிமிடத்தில் திரும்ப வரும், குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் கிரானில் வரி எழுதி வைத்திருக்கும். வெளியே திறந்து கிடந்த ரெடிஸ் தரவுத்தளத்தின் 6379, டாக்கரின் 2375 போன்ற கதவுகள் வழியாகத்தான் இவை நுழைகின்றன. நுழைந்த சர்வரைத் துடைத்துச் சரிசெய்ய முயலாதீர்கள். வாலட் முகவரியையும் கான்ஃபிக்கையும் எடுத்துக்கொண்டு, சர்வரை அழித்துப் புதிதாக நிறுவுங்கள். சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் சாவி, வயர்கார்டு சாவி எல்லாம் புதிதாக வேண்டும்.

இதே கண்ணோடு நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். கல்லூரி ஆய்வகத்துக் கணினி, அலுவலகத்துக் கணினி, கடைக்காரர் பழுது பார்க்கக் கொடுத்த கணினி எதையும் பிராக்ஸியில் சேர்க்காதீர்கள். மின்சாரம் கட்டுகிறவரின் சம்மதம் இல்லாமல் ஓடும் மைனர் திருட்டு மைனர்தான். அப்படி ஒன்றைச் சரிசெய்ய என்னிடம் கேட்டால் நான் உதவ மாட்டேன்.

எல்லாம் ஓடுகிறது, கையில் ஒன்றும் நிற்கவில்லை

முதலில் பூலின் குறைந்தபட்சத் தொகையைப் பாருங்கள். அதை எட்டும்வரை பணம் பூலிலேயே இருக்கும், காணாமல் போகவில்லை. பிறகு மின்சாரக் கணக்கு. 120 வாட் இழுக்கும் கணினி ஒரு நாளுக்கு 2.88 யூனிட், மாதம் 86 யூனிட்டுக்கு மேல். மூன்று கணினிகள் சேர்ந்தாலே ஏறக்குறைய 259 யூனிட். கேரளத்தில் வீட்டு இணைப்புக்கு மாதம் 250 யூனிட் வரைதான் படிப்படியான கட்டணம். அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே மொத்தப் பயன்பாட்டுக்கும் உயர்ந்த விகிதம். கொழிஞ்சாம்பாறை வீட்டில் விளக்கு, மின்விசிறி, மோட்டாரோடு சேர்த்தால் மூன்றாவது கணினிக்கு முன்பே அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். எல்லைக்கு அப்பால் வேறு வாரியம், வேறு கட்டண அடுக்கு. ஒரு வீட்டுக் கணக்கை வைத்து மற்ற வீட்டுக்கு முடிவு செய்யாதீர்கள். கிரிப்டோ வருமானத்துக்கு 2022 ஏப்ரல் 1 முதல் 30 சதவீத வரி இருக்கிறது, விற்ற லாபத்தில் இந்த மின்கட்டணத்தைக் கழிக்க முடியாது.

சுவரில் செருகும் சிறிய வாட் மீட்டர் ஒன்றை வாங்கி ஒவ்வொரு கணினியையும் தனியாக ஒரு நாள் முழுக்க அளந்து எழுதுங்கள். பிராக்ஸி காட்டும் பன்னிரண்டு மணி நேர வேகத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு யூனிட்டுக்கு மிகக் குறைந்த ஹேஷ் தரும் கணினியை முதலில் நிறுத்துங்கள்.